விஸ்கிக் கலங்களும் அவற்றின் பெயர்களும்: ஒரு சொல் வரலாற்று நோக்கு

1. முன்னுரை

விஸ்கி அருந்துதற்கு ஏற்ற கலம் எது என்னும் வினா, மேலைநாடுகளில் அம்மதுவைச் சுவைத்து மதிப்பிடுவோரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. ஆங்கிலப் புதினம் ஒன்றையோ பயண நூல் ஒன்றையோ தமிழாக்கம் செய்வோரும் அதே வினாவை வேறொரு வகையில் எதிர்கொள்கின்றனர். மூலத்தில் குவேக், ரம்மர், டம்ளர், கோப்பித்தா என வெவ்வேறு பெயர்கள் வருகின்றன. மொழிபெயர்ப்பில் அவையனைத்தும் ‘கோப்பை’ என்றோ ‘கிண்ணம்’ என்றோ ஒன்றாகிவிடுகின்றன. இதனால் இழக்கப்படுவது ஒரு பாத்திரத்தின் வடிவம் மட்டுமன்று. அருந்துவோரின் காலமும் வகுப்பும் நோக்கமும் அப்பெயர்களில் அடங்கியுள்ளன.

விஸ்கிக்குரிய கலங்களின் வரலாற்றை அவற்றின் பெயர்களின் வழியே காண இக்கட்டுரை முற்படுகிறது. தகுந்த கலம் என ஒன்று எக்காலத்தும் நிலைபெற்றிருக்கவில்லை. மதுவிலிருந்து மக்கள் எதை நாடினர் என்பதே கலத்தை முடிவு செய்தது. மொழிபெயர்ப்பாளரும் கலத்தின் பெயரைத் தேடுமுன் அதன் பயனைத் தேடவேண்டும் என்பதே இங்கு நிறுவ விரும்பும் கருத்தாகும்.

2. மதுவின் பெயர்

‘விஸ்கி’ என்னும் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்தது. வடித்தெடுத்த மதுவை இடைக்கால ஐரோப்பியர் இலத்தீனில் ‘அக்வா வீட்டே’, அதாவது உயிர்நீர், என வழங்கினர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கேலிக் மொழியினர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘உஷ்கெ பெஹா’ என்றனர். பின்னர்த் தொடரின் பிற்பகுதி மறைய, நீர் எனப் பொருள்படும் ‘உஷ்கெ’ என்பதே திரிந்து மதுவின் பெயராயிற்று. 1494ஆம் ஆண்டுக்குரிய ஸ்காட்லாந்து அரசுக் கருவூலக் கணக்கு, ஜான் கோர் என்னும் துறவிக்கு அக்வா வீட்டே வடிப்பதற்காக எட்டு ‘போல்’ அளவு முளைத்தானியம் அளிக்கப்பட்டதைக் குறிக்கிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இம்மதுவின் பழைய வடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொண்டு, ‘விஸ்கி’ என்பதனை ஸ்காட்லாந்து வழக்கின் மரூஉ எனக் காட்டுகிறார்.

ஸ்காட்லாந்தினர் ஒருவாறும், அயர்லாந்தினரும் அமெரிக்கரும் பெரும்பாலும் ஓர் உயிரெழுத்தைக் கூட்டியும் இச்சொல்லை எழுதுவர். அவ்வேறுபாடு நாட்டைச் சுட்டுவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘விஸ்கி’ என ஒன்றாகவே அமைவதால், நாடு முக்கியமாகும் இடங்களில் அதனை அடைமொழியால் தெளிவாக்குதல் வேண்டும்.

3. குவேக்: நட்பின் கலம்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் விஸ்கியை அருந்திய மரபுவழிக் கலம் குவேக் ஆகும். கிண்ணம் எனப் பொருள்படும் கேலிக் சொல்லிலிருந்து இது வந்தது. அகன்று ஆழமற்றிருக்கும் இக்கலத்தின் இருபுறமும் கிடையாக நீண்ட பிடிகள் உண்டு. தொடக்கத்தில் மரத்தைக் குடைந்தும், பீப்பாய் செய்வதுபோல் சிறு மரப்பட்டைகளை இணைத்து வளையமிட்டும் இதனைச் செய்தனர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெள்ளியாலும் செய்யப்பட்டது.

பிடிகள் இரண்டாக அமைந்ததற்குப் பயன் உண்டு. விருந்தளிப்பவர் இரு கைகளாலும் கலத்தை நீட்டுவார். பெறுபவரும் இரு கைகளாலும் வாங்குவார். ஒரே கலம் பலர் கைக்கு மாறிச் செல்லும். வாய் அகன்றிருப்பதால் மணம் விரைவில் பரவிப் போய்விடும்; அதனைப் பற்றி எவரும் கவலைகொள்ளவில்லை. இக்கலத்திடம் எதிர்பார்க்கப்பட்டது நட்பின் அடையாளமே.

இப்பிடிகளை ஸ்காட்லாந்தினர் குறிக்கும் சொல், அவர்தம் வழக்கில் காதையும் குறிப்பதாகும். தமிழிலும் பாத்திரத்தின் பிடியைக் ‘காது’ என்றே கூறுகிறோம். எனவே குவேக்கை ‘இருகாதுக் கிண்ணம்’ என்று பெயர்ப்பின், மூலத்தின் உருவகமும் கெடாது; தமிழ் வழக்கும் பிறழாது.

4. ரம்மரும் டாடியும்: திரும்பி வந்த சொல்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நகரங்களில் விஸ்கியைச் சுடுநீரும் சருக்கரையும் கலந்து அருந்தும் வழக்கம் பரவியது. இக்கலவைக்கு ‘டாடி’ என்று பெயர். எடின்பரோ நகருக்கு நீர் தந்த ஒரு கிணற்றின் பெயரால் இது வந்தது என அங்குள்ளோர் சிலர் கூறுவது பாமரர் சொற்பிறப்பே. பனைமரத்தைக் குறிக்கும் ‘தாட்’ என்னும் இந்திச் சொல்லினடியாகப் பிறந்து, பனங்கள்ளைச் சுட்டிய ‘தாடி’ என்பதே ஆங்கில வணிகர் வாயிலாகப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்து, பின்னர்ப் பொருள் மாறிக் குளிர்நாட்டுச் சுடுபானத்தின் பெயராயிற்று.

இங்கு மொழிபெயர்ப்பாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தமிழ் நூல்களில் வரும் ‘கள்’ என்பதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இச்சொல்லையே ஆள்கின்றனர். ஆனால் ஸ்காட்லாந்து நூலில் வரும் அதே சொல்லைக் ‘கள்’ எனத் தமிழாக்கினால் பொருள் முற்றிலும் பிறழும். ஒரே வடிவம் இருபொருள் தரும் இவ்விடத்தில், எந்தக் கலத்தில் ஊற்றப்படுகிறது என்பதே பொருளைத் தெளிவிக்கும் சான்றாகிறது. மண்கலயமெனின் அது கள். ரம்மரெனின் அது சுடுநீர் கலந்த விஸ்கி.

ரம்மர் என்பது பருத்த குட்டைத் தண்டும் உறுதியான அடியும் கொண்ட பெரிய கண்ணாடிக் கலம். ‘ரம்’ என்னும் மதுவோடு இப்பெயருக்குத் தொடர்பிருப்பதுபோல் தோன்றினும், டச்சு, ஜெர்மானிய மொழிகளில் பழைய வகைக் கிண்ணத்தைக் குறித்த ‘ரோமர்’ என்பதே இதன் மூலம். பெரிய ரம்மரில் டாடியைக் கலந்து, நீண்ட பிடியுள்ள சிறு அகப்பையால் முகந்து சிறிய கண்ணாடிக் கலங்களில் ஊற்றுவர். கலத்தின் கனத்த உடல் சுடுநீரின் வெப்பத்தைத் தாங்குவதற்காகவே அமைந்தது.

5. கண்ணாடியும் டம்ளரும்

இத்தகைய கலங்கள் பெருகியதற்குக் கண்ணாடித் தொழிலின் வளர்ச்சி காரணமாகும். ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1674இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை, ஈயம் சேர்ந்த ஒளிமிக்க கண்ணாடிக்கு வழிவகுத்தது. 1745இல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடிக்கான மூலப்பொருள்களின் எடையின்மேல் வரி விதித்தமையால் அங்குக் கலங்கள் எடை குறைந்தன. அவ்வரிக்கு அப்போது உட்படாதிருந்த அயர்லாந்தில், 1780இல் வணிகத் தடைகள் நீங்கியபின் கனத்த பட்டைதீட்டிய கண்ணாடி செழித்தது. 1845இல் அவ்வரி நீக்கப்பட்டபின் கண்ணாடிக் கலங்கள் மலிவாயின.

கண்ணாடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதனால் செய்த குடிகலத்தையும் குறிப்பது, காரணப் பொருளின் பெயர் காரியத்துக்கு ஆகிவந்ததாகும். இச்சொல் இந்திய மொழிகளில் புகுந்தபோது ஒரு விந்தை நேர்ந்தது. இந்தியில் ‘கிலாஸ்’ எனின் கலம். அது எஃகாலும் ஆகலாம், பித்தளையாலும் ஆகலாம். மூலப்பொருளின் பெயராய்ப் பிறந்த சொல், மூலப்பொருளை முற்றிலும் துறந்துவிட்டது.

‘டம்ளர்’ என்பதன் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. உருள்தல், கவிழ்தல் எனப் பொருள்படும் வினையினடியாகப் பிறந்த பெயர் இது. பதினேழாம் நூற்றாண்டில் இது உருண்டையான அல்லது கூர்மையான அடியுடைய கலத்தைக் குறித்தது. அக்கலத்தைக் குடித்து முடிக்குமுன் கீழே வைக்க இயலாது, வைத்தால் கவிழும். அடி கனத்து உருண்ட வெள்ளிக் கலங்களும் இப்பெயர் பெற்றன. அவை சாய்த்தால் தாமே நிமிர்வன. பின்னர் அடி தட்டையான, தண்டில்லாத கண்ணாடிக் கலத்துக்கு இப்பெயர் நிலைத்தது. கவிழ்வது எனப் பெயர்பெற்ற பொருள் கவிழாத பொருளாயிற்று. தமிழகத்திலோ அது உலோகமாகவும் மாறி, டபராவோடு இணைந்து காப்பிக்குரியதாயிற்று. எனவே ‘அவர் டம்ளரில் விஸ்கி ஊற்றினார்’ என்னும் தொடர், ஆங்கில வாசகருக்குக் கண்ணாடியையும் தமிழ் வாசகருக்கு எவர்சில்வரையும் காட்டுகிறது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. ‘கண்ணாடி டம்ளர்’ எனும் ஓர் அடைமொழி இவ்விடரைத் தீர்க்கும்.

விஸ்கிக்கு டம்ளரே பொதுக்கலமாக நிலைபெற்றதற்கு மதுவின் மாற்றம் காரணமாயிற்று. ஏனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிப்புக் கருவி, மென்மையான தானிய விஸ்கியை மலிவாகத் தந்தது. இதனை முளைத்த வாற்கோதுமை விஸ்கியோடு கலந்து விற்கும் வணிகம் 1860க்குப் பின் பெருகியது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்துப் பிராந்தி அரிதானபோது, சோடாவோடு அருந்தும் பானமாக விஸ்கி அவ்விடத்தைப் பிடித்தது. சோடாவுக்கு இடம் வேண்டும். ஆகவே கலம் உயர்ந்தது. பனிக்கட்டிக்கு அகலம் வேண்டும். ஆகவே வாய் விரிந்தது. அமெரிக்கப் பனிக்கட்டி 1833இல் கப்பலேறிக் கல்கத்தா வந்தடைந்தது. சென்னைக் கடற்கரையில் அதற்கெனக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், பின்னாளில் விவேகானந்தர் இல்லமாயிற்று.

அமெரிக்காவில் விஸ்கி, சருக்கரை, கசப்புச்சாறு ஆகியவற்றைப் பழைய முறைப்படி கலந்து தருமாறு கேட்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிகுந்தனர். அப்பானம் ‘ஓல்டு ஃபேஷன்டு’, அதாவது பழம்பாணி, எனப்பட்டது. சருக்கரையைக் கலத்திலேயே நசுக்குவதற்குக் கனத்த அடி தேவைப்பட்டது. அவ்வாறமைந்த குட்டைக் கலத்துக்கும் பானத்தின் பெயரே வந்தது. உள்ளே வைக்கப்பட்டதன் பெயர் அதனைக் கொண்ட இடத்துக்கு ஆகிவருவதைத் தமிழ் இலக்கணம் தானியாகுபெயர் என வகுத்துள்ளது. இது அதற்கு நேரிய எடுத்துக்காட்டாகும். இதனைப் ‘பழம்பாணிக் கோப்பை’ எனப் பெயர்ப்பது, கலம் பழமையானது என்னும் தவறான எண்ணத்தைத் தரும். ‘குட்டைக் கண்ணாடி டம்ளர்’ என்பதே பொருத்தமாகும்.

6. அளவுப் பெயர்கள்

கலப்பெயர்களோடு மயங்குவன அளவுப் பெயர்கள். ‘டிராம்’ என்பது கிரேக்க நாணயமும் எடையுமாகிய ‘டிராக்மா’விலிருந்து மருந்தாளர் வழக்கின் வழியே வந்தது. மருந்தாளருக்கு அது திரவ அவுன்சில் எட்டில் ஒரு பங்கு. ஸ்காட்லாந்தினருக்கோ அது வரையறையற்ற ஒரு வாய் விஸ்கி. சட்டம் வரையறுத்த அளவு ‘கில்’ ஆகும்; இது ஏறத்தாழ 142 மில்லிலிட்டர். பிரிட்டிஷ் மதுக்கூடங்களில் இதன் ஆறில், ஐந்தில் அல்லது நான்கில் ஒரு பங்கு அளந்து விற்கப்பட்டது. 1995 முதல் 25 அல்லது 35 மில்லிலிட்டர் என மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் வழங்கும் ‘பெக்’, ஆங்கிலேய-இந்திய வழக்கில் தோன்றியது. முளை, ஆணி எனப் பொருள்படும் இச்சொல்லை, ஒவ்வொரு மிடறும் குடிப்பவரின் சவப்பெட்டிக்கு அடிக்கும் ஓர் ஆணி என வேடிக்கையாக விளக்குவாரும் உளர். இன்று சிறிய பெக் 30 மில்லிலிட்டர், பெரியது 60. ‘இரண்டு பெக் குடித்தான்’ என்பது முகத்தலளவை ஆகுபெயராகும். ஆகவே ‘டிராம்’ என்பதனைப் ‘பெக்’ எனப் பெயர்ப்பது, கதையை ஸ்காட்லாந்திலிருந்து இந்தியாவுக்கு நகர்த்திவிடும். ‘ஒரு வாய்’, ‘கொஞ்சம்’ போன்ற வரையறையற்ற சொற்களே அங்குப் பொருந்தும்.

7. மணத்தை நாடிய கலம்

குவேக் நட்பையும், ரம்மர் வெப்பத்தையும், டம்ளர் குளிர்ச்சியையும் நாடின. மணத்தை நாடிய கலம் மதுக்கூடத்தில் தோன்றவில்லை, தொழிற்கூடத்தில் தோன்றியது. விஸ்கியைக் கலப்போர் அதனை வாயால் சுவைப்பதினும் மூக்கால் முகர்ந்தே மதிப்பிடுவர். அதற்கு அவர்கள் ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி வணிகத்திலிருந்து கோப்பித்தாவை எடுத்துக்கொண்டனர். சிறு கிண்ணம் என்பதே இச்சொல்லின் பொருள். நீண்ட தண்டும், வயிறு பருத்து வாய் குறுகிய வடிவும் உடையது அது. 1977இல் வெளிவந்த பன்னாட்டுத் தரம் 3591, திராட்சை மது சுவைத்தற்கு இதனை ஒத்த கலத்தை வரையறுத்தது. மொத்த உயரம் 155 மில்லிமீட்டர். வயிற்றின் அகலம் 65. வாயின் அகலம் 46. கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லிலிட்டர். ஆனால் ஊற்றவேண்டிய அளவு 50 மில்லிலிட்டரே. எஞ்சிய வெற்றிடம் மணத்துக்குரியது.

கலவாத ஒற்றை வடிசாலை விஸ்கியைப் பிற நாடுகளில் முனைந்து விற்கும் முயற்சி 1963இல் தொடங்கியபின், தொழிற்கூடத்தின் தேவை பொதுமக்களின் தேவையாயிற்று. கோப்பித்தா மதுக்கூடத்தில் எளிதில் உடைவது. டம்ளரோ மணத்தைத் தாங்காதது. ஸ்காட்லாந்தின் ரேமண்ட் டேவிட்சன் வடிவமைத்து, விஸ்கிக் கலவை வல்லுநர்களின் கருத்தறிந்து செப்பம் செய்து, 2001இல் வெளியிட்ட ‘கிளென்கேர்ன்’ கலம் இரண்டுக்கும் இடைப்பட்டது. துலிப் மலர்போன்ற மேற்பகுதியும், தண்டுக்கு மாற்றாகத் திண்ணிய அடியும் கொண்டது. 2012இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘நீட்’ கலம் எதிர்நெறியைக் கையாள்கிறது. கழுத்தைக் குறுக்கி விளிம்பைப் பெரிதும் விரிப்பதால், மூக்கை எரிக்கும் ஆல்கஹால் ஆவி புறத்தே சிதறும் என்பது அதன் கொள்கை. மணத்தையே நாடும் இருவர் நேர்மாறான வடிவங்களை அடைந்துள்ளமை, தகுந்த கலம் என ஒன்றில்லை என்பதனை மேலும் வலியுறுத்துகிறது.

ஆய்வுகளும் இதில் எச்சரிக்கையோடு நோக்கத்தக்கன. ஜப்பானிய ஆய்வாளர் 2015இல் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடித்தபோது, திராட்சை மதுக் கலத்தின் வாய்நடுவில் ஆவி குறைந்தும் விளிம்பில் வளையமாக மிகுந்தும் காணப்பட்டது. நேர்வடிவக் கலத்தில் அவ்வாறில்லை. ஆயினும் அது 13 பாகை வெப்பநிலையில் திராட்சை மதுவுக்குக் கண்ட முடிவு; 40 விழுக்காட்டு விஸ்கிக்கு அப்படியே பொருத்தலாகாது. 2017இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் கணினி வழிக் கணக்கீட்டால், புகைமணம் தரும் குவாயகால் என்னும் பொருள் நீர் கலந்தபோது திரவத்தின் மேற்பரப்பை நாடுவதையும், ஆல்கஹால் 59 விழுக்காட்டுக்கு மேற்படின் உள்ளே அமிழ்வதையும் காட்டினர். விஸ்கியை 20 விழுக்காடு அளவுக்கு நீர்த்து முகரும் கலவை வல்லுநர் வழக்கத்தோடு இது இயைகிறது. சில துளி நீரும் கலத்தின் வடிவைப்போன்றே மணத்தை மாற்றவல்லது என்பது இதனால் பெறப்படும்.

8. ஒரு மொழிபெயர்ப்புப் பிழை

கலம் விற்போர் சிலர் மற்றொரு காரணமும் கூறிவந்தனர். இனிப்பு நாநுனியிலும் கசப்பு நாவின் அடியிலும் உணரப்படுவதால், மதுவை உரிய இடத்தில் வீழ்த்தும் விளிம்பே தகுந்த விளிம்பு என்பது அது. இக்கொள்கைக்கு அடிப்படையான நாக்கு வரைபடம் பிறந்த வரலாறு மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்கது. 1901இல் ஹேனிக் என்பார் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வு, சுவையுணர்வு நாவின் பகுதிகளிடையே சிறிதளவே வேறுபடுவதைக் கண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் எட்வின் போரிங் 1942இல் தம் ஆங்கில நூலில் அதனை வரைபடமாகத் தந்தபோது, வேறுபாட்டின் அளவு எவ்வளவு சிறியது என்பது புலப்படாது போயிற்று. குறைவான உணர்வு உணர்வின்மையாகப் படிக்கப்பட்டது. பள்ளிநூல்கள் அதனைப் பரப்பின. 1974இல் வெர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் ஆய்ந்து, வேறுபாடு சிறிதே என உறுதிசெய்தார்.

சொற்கள் சரியாகப் பெயர்ந்தும் அளவு பெயராது விடுபட்டமையே இப்பிழைக்குக் காரணம். கண்ணாடிக் கலத்தின் விளிம்புவரை அதன் விளைவு நீண்டது.

9. தமிழாக்க நெறி

பழந்தமிழில் குடிகலங்களுக்குப் பெயர்ப் பஞ்சமில்லை. மண்டை, வள்ளம், வட்டில், கலம் என்பன நம்மிடம் உள்ளவை. புறநானூற்றின் 56ஆம் பாட்டு, யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தித் தருவதைப் பாடுகிறது. ஆயினும் இச்சொற்களை ஸ்காட்லாந்து மதுக்கூடத்துக்கு ஏற்றுவது, காலத்தை இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கித் தள்ளுவதாகும். புனைகதையில் பாத்திரங்களின் பேச்சில் ‘கிளாஸ்’ என்பதே இயல்பானது. ஆசிரியர் கூற்றில் ‘கண்ணாடிக் கிண்ணம்’ எனலாம். சுவைத்து மதிப்பிடும் நூல்களில் மணத்துக்குரிய கலத்தை ‘முகர்கிண்ணம்’ என வினைத்தொகையாக்கலாம். குவேக், ரம்மர் போன்றவற்றை முதன்முறை வருமிடத்தில் ‘குவேக் என்னும் இருகாதுக் கிண்ணம்’, ‘ரம்மர் என்னும் தண்டுக் கிண்ணம்’ எனப் பெயரும் விளக்கமும் இணைத்துத் தந்து, பின்னர்ப் பெயரை மட்டும் ஆளலாம்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால், விஸ்கிக்குத் தகுந்த கலம் காலந்தோறும் மாறிவந்தமையும், ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு பயனை முன்னிறுத்தியமையும் தெளிவாகும். பெயர்களோ பொருளை விட்டு விலகித் தம் போக்கில் சென்றுள்ளன. கவிழும் கலம் நிலைத்தது, கண்ணாடி எஃகாயிற்று, பனங்கள் சுடுநீரோடு கலந்த விஸ்கியாயிற்று. ஆகவே அகராதியில் கலப்பெயர்களைத் தருவோர், மூலப்பொருள், வடிவம், அளவு, பயன் ஆகிய நான்கையும் குறித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அந்நான்கனுள் மூலப்பனுவலின் அவ்விடத்துக்கு எது இன்றியமையாதது என்று முதலில் துணிந்து, அதனைக் காக்கும் சொல்லைத் தேர்தல் வேண்டும். எஞ்சியவற்றை ஓர் அடைமொழியால் ஈடுசெய்யலாம்.